மதகடிக் கொலையின் நிறைகுறைகள்

படப்பையில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த லூர்து மேரி, 1991ஆம் வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஒரு கொலைக்கு அனுமதி வாங்க ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினாள்.

கொலை நடந்தது 1894இல். செங்கல்பட்டு ஜில்லா பிள்ளைப்பாக்கம் ஏரியின் மதகடியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை செத்துக் கிடக்கிறார். விசாரிப்பதற்கு ஜட்கா வண்டியில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து இறங்குகிறார். இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாக டி.வி. திரையில் நடக்கும். இன்ஸ்பெக்டர் யாரென்றால், எதிரே உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர்தான். 'போ', 'தேடு', 'கேள்', 'காத்திரு' என்று நான்கு பொத்தான்கள். கொலைகாரன் யாரென்று பிடிபட்டால் பெயரைச் சொல்லலாம். தப்பாகச் சொன்னால் மறுபடியும் ஜட்காவிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தமிழ் எழுத்தே தெரியாத அந்த மெஷினுக்காக, மேரி ஒவ்வோர் எழுத்தையும் கிராப் தாளில் புள்ளி வைத்துக் கோலம் போடுவது போலப் போட்டு உள்ளே ஏற்றியிருந்தாள். முழு விளையாட்டும் ஒரு சாதாரண ஆடியோ கேசட்டில் அடங்கியிருந்தது. 'மதகடிக் கொலை' என்று பெயர் வைத்திருந்தாள்.

அதை வாங்க ஒப்புக்கொண்டவள் காந்திமதி. ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட்டில் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்தவள். ஸ்டெபிலைசருக்குப் போட்டி அதிகமாகிவிட்டதால், டி.வி.யில் மாட்டுகிற சின்ன விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து, தீபாவளிக்குள் கடைக்கு அனுப்ப முடிவு செய்திருந்தாள். மெஷினோடு ஒரு தமிழ் விளையாட்டு போனால்தான் எடுபடும் என்பது அவள் கணக்கு. அது எடுபடவில்லையென்றால் ஷெட்டின் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிற பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

"கதை சூப்பரா கீது மேரி. பொட்டி மேல உம்பேரைப் போட்டுடறேன். ஆனா வாரியத்து சர்டிபிகேட் இல்லாம லோடு ஏத்துனா லாரியோட புடிச்சு வெச்சுக்குவான். நீ போய் வாங்கிக்கினு வா. படிச்ச பொண்ணு, மரியாதையா நடத்துவாங்க" என்றாள் காந்திமதி.

மரியாதைக்குக் குறைவே இல்லை. போன முதல் நாளே உட்காரச் சொன்னார்கள். ஆபீஸ் மூடும் வரை உட்கார்ந்திருந்தாள்.

'மின்னணுக் கேளிக்கைச் சாதனத் தரமதிப்பீட்டு வட்டார வாரியம்' என்ற அந்த அலுவலகம், பெயர்ப்பலகையை விடக் கொஞ்சம்தான் பெரிய கட்டடத்தில் இயங்கி வந்தது. அதுவரை அதன் முன்னால் வந்திருந்த ஒரே சாதனம் குருவி போலக் கூவும் ஒரு காலிங் பெல். அது எந்தக் குருவி என்று விண்ணப்பத்தில் குறிப்பிடப்படாததால் இன்னும் பரிசீலனையில் இருந்தது. எந்தச் சாதனமானாலும் அதன் நிறைகளையும் குறைகளையும் எழுதுவது வாரியத்தின் கடமை. குறை அதிகமானால் அனுமதி கிடையாது. குறையே இல்லையென்றால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள், ஆகவே அப்போதும் கிடையாது.

வாரியத் தலைவர் ரகுபதி மீன்வளத் துறையிலிருந்து வந்தவர். தொழில்நுட்ப உறுப்பினர் சிவசங்கர் ஆயுள் முழுக்கக் கொதிகலன்களைச் சோதித்தவர். பண்பாட்டு உறுப்பினர் சுந்தராம்பாள், கதர் விற்பனை நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போகும் மாற்றலுக்காகக் காத்திருந்தவர்.

முதல் கூட்டத்தில் சிவசங்கர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலுவலக டேப்ரெக்கார்டரில் போட்டார். "கீ...ர்ர்ர்ர்" என்று அது கத்த ஆரம்பித்தது. மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"சார், அது பாட்டு கேசட் இல்ல. மெஷின்ல மாட்டினாத்தான்..."

"மதிப்பீடு நடந்துகிட்டிருக்கும்மா. குறுக்கே பேசக்கூடாது" என்றார் ரகுபதி.

ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கேட்டார்கள். பியூன் கொண்டுவந்த டீ ஆறிப்போயிற்று.

"நடுவுல ஓரிடத்துல யாரோ அழற மாதிரி வந்தது. மனசு என்னமோ போல ஆயிடுச்சு" என்றார் சுந்தராம்பாள்.

"உச்சரிப்பு சரியில்லை" என்றார் ரகுபதி.

"இது எவ்வளவு பிரஷர் தாங்கும்?" என்று கேட்டார் சிவசங்கர்.

"எந்த பிரஷர் சார்?"

"எதுவா இருந்தாலும்."

அன்றைய அறிக்கையில், ஆபாசம் இல்லை என்பது நிறையாகவும், வசனம் புரியவில்லை என்பது குறையாகவும் பதிவாயின. மேரி அதை இரண்டு தடவை படித்தாள். முத்திரை குத்திய எதிலும் ஏதோ ஓர் அர்த்தம் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் அவள். தன் மேல்தான் ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்குக் காந்திமதியின் மெஷினையும், வீட்டு டி.வி.யையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். கேசட் பாதி ஏறியபோது கரண்ட் போனது. கரண்ட் வந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றி, திரையில் ஏரியும் மதகும் அதற்குக் கீழே துரையும் தெரிந்தபோது, "அட, பொம்மை!" என்று சுந்தராம்பாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரகுபதி பொத்தான்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு 'காத்திரு'வை அமுக்கினார். திரையில் பொழுது சாய்ந்தது. மறுபடியும் அமுக்கினார். விடிந்தது.

"சார், 'கேள்' அமுக்கினீங்கன்னா துரை வீட்டுச் சமையல்காரம்மா பேசும். ரொம்ப நேரமா நின்னுட்டிருக்காங்க."

"நிக்கட்டும்மா. எடுத்தவுடனே போய் விசாரிச்சா விவகாரமாயிடும். என் சர்வீஸ்ல எத்தனை கேஸ் பாத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணுலகூட நான் கை வெச்சதில்லை. எல்லாம் தன்னால முடிஞ்சிருக்கு. சம்பந்தப்பட்டவங்க ஒண்ணு சமாதானமாயிடுவாங்க, இல்ல செத்துடுவாங்க. நிர்வாகம்கிறது இதுதான்."

காத்திரு, காத்திரு என்று அவர் அமுக்கிக்கொண்டே இருக்க, ஏரி வற்றியது, நிரம்பியது, மறுபடி வற்றியது. சமையல்காரி ஊரைவிட்டுப் போனாள். ஜட்காக் குதிரை கிழடாயிற்று. கடைசியில் மேரி ஒரு வேடிக்கைக்காக எழுதி, இதுவரை யாரும் வந்து சேராமல் இருந்த அந்த வரிகள் திரையில் வந்தன: 'சாட்சிகள் காலமானார்கள். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். கொலைகாரன் நலமாக இருக்கிறான்.'

மேரி டி.வி.யை அணைக்கக் கை நீட்டினாள். ரகுபதியோ எழுந்து நின்றே விட்டார்.

"ஓய்வு பெற்றுட்டார்! ஒரு மெமோ இல்லை, சஸ்பென்ஷன் இல்லை, கௌரவமா ஓய்வு. எழுதுங்க சிவசங்கர், இதுதான் இந்தச் சாதனத்தோட முதல் நிறை. வருங்காலத் தலைமுறைக்கு நல்ல முன்மாதிரி."

அதோடு சான்றிதழ் வந்துவிடும் என்றுதான் மேரி நினைத்தாள். ஆனால் குற்றவாளி யாரென்று வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் அதைக் கேட்டார்கள்.

"ஓவர்சியர் சார். மதகு கட்டுற செங்கல்லுல களவாடியிருப்பார். துரை கண்டுபிடிச்சிடுவார். அதனால தள்ளிவிட்டுடுவார்."

ரகுபதி பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

"ஓவர்சியர்னா... அரசு ஊழியர்?" என்றார் ரகுபதி.

"வெள்ளைக்காரன் அரசு சார் அது."

"அரசு அரசுதாம்மா. ஆள்தான் மாறும்."

"அவர் குடும்பத்துக்கு இன்னும்கூட பென்ஷன் போய்க்கிட்டிருக்கலாம்" என்று கவலைப்பட்டார் சிவசங்கர்.

ஓவர்சியர் சம்பவ நேரத்தில் உண்மையிலேயே அங்கே இருந்திருக்க முடியுமா என்று கண்டறிய, ஸ்தலத்தைப் பார்வையிடுவது என்று முடிவாயிற்று. பங்குனி வெயிலில் ஒரு ஜீப் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனது. மூன்று குடைகள், ஓர் அளவு டேப், நடுவில் மேரி. மதகின் அகலத்தைச் சிவசங்கர் அளக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் யாராவது டேப் பிடித்தால் கம்பெனி வரப்போகிறது என்று அர்த்தம். கண்மூடித் திறப்பதற்குள் ஊர் கூடிவிட்டது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த முனியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"இன்னா சார், எந்தக் கம்பெனிக்கு அளக்கறீங்க? எங்க நெலமும் சேந்து வருதா?"

"கம்பெனி இல்லம்மா. ஒரு கொலை விஷயமா வந்திருக்கோம்" என்றார் ரகுபதி.

கூட்டம் சட்டென்று பின்வாங்கியது.

"எப்ப சார் நடந்துச்சு?"

"தொண்ணூத்தி நாலுல."

முனியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "அதுக்கு இன்னும் மூணு வருஷம் கீதே சார்!"

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலும்மா. செத்தவர் ஒரு இன்ஜினீயர்" என்ற சுந்தராம்பாள், நல்ல மனதோடு, "அவரோட வாரிசுங்க யாராவது இருந்தா சொல்லலாம்" என்றும் சேர்த்துவிட்டார்.

வாரிசு என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் மறுபடி முன்னால் வந்தது.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தாதான் சார் அவரு" என்றாள் முனியம்மாள்.

"அவர் வெள்ளைக்காரர்மா."

"அதான் சார் எம் மூத்த பொண்ணு அந்தக் கலரு."

பிறகு ஏரிக்கரையில் ஆளுக்கு ஆள் முண்டியடித்துப் பெயர் கொடுத்தார்கள். துரைக்கு ஊர் முழுக்கச் சொந்தம் இருந்தது. மேரிக்கு அழுகை வரும் போலிருந்தது.

"சார், அவர் நானா உண்டாக்கின ஆள். அவருக்குக் குழந்தையே கிடையாது."

"உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாம்மா" என்றார் ரகுபதி, அனுதாபத்தோடு.

திரும்பி வந்ததும், ஓவர்சியரை நீக்கினால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். மேரி இரண்டு வாரம் உட்கார்ந்து கொலையைச் சமையல்காரி தலையில் கட்டினாள். ஏழைப் பெண்ணைக் கொலைகாரி ஆக்குவது பண்பாடில்லை என்றார் சுந்தராம்பாள். அதில் ஒரு நியாயம் இருந்ததால் மேரிக்கு இன்னும் சங்கடமாயிற்று. துரையின் மனைவி செய்ததாக மாற்றினாள். அது வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் என்றார் ரகுபதி. சரி, துரை தானே வழுக்கி விழுந்தார் என்று மாற்றினாள். மதகு வழுக்கியது என்றால் பராமரிப்பு சரியில்லை என்றாகும், அதுவும் துறைக்கு இழுக்கு என்றார் சிவசங்கர்.

"அப்ப அவர் எப்படித்தான் சார் சாகணும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "செத்தே ஆகணும்னு என்னம்மா பிடிவாதம்?" என்றார் ரகுபதி.

அப்படியாக, திருத்திய 'மதகடிக் கொலை'யில் துரை மதகடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஜட்காவில் வந்து, அவர் தூங்குவதை உறுதி செய்துகொண்டு, ஜட்காவிலேயே திரும்பிப் போனார்.

காந்திமதியின் ஷெட்டில் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் போட்டுக் காட்டினாள். பழைய கொலையை லைன் பெண்கள் எல்லாருமே ஆடியிருந்தார்கள். சால்டரிங் வைக்கிற ஞானம்மா கை கழுவாமலேயே வந்து பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது? வந்தான், பாத்தான், பூட்டான். எங்க சூப்பர்வைசர் மாதிரியே கீறான்."

மேரி சிரிக்கவில்லை. ராப்பகலாகப் புள்ளி வைத்த அந்த எழுத்துகள் திரையில் 'துரை உறங்குகிறார்' என்று காட்டிக்கொண்டிருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி வுடு, சர்டிபிகேட்டாவது குடுத்தானா?" என்றாள் காந்திமதி.

கொடுக்கவில்லை. குற்றமே நடக்காததால் இதைத் துப்பறியும் விளையாட்டு என்று கருத முடியாது, ஓய்வு வகையில் புதிதாக விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்திருந்தது.

ஆடி மாதத்தில் நிலைமை தானாக மாறியது. லைசென்ஸ் முறையெல்லாம் பெரும்பாலும் ரத்தாகிறது என்று டி.வி. செய்தியில் சொன்னார்கள். காந்திமதிக்குப் பாதி புரிந்தது, மீதியைக் குன்றத்தூர் ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மொபெட்டில் நேரே படப்பைக்கு வந்து மாடியேறினாள்.

"மேரி! இனிமே அந்த வாரியத்துக்கிட்ட யாரும் போவத் தேவயில்ல. முதல்ல அந்தத் தொரைய எழுப்பி சாவடி!"

மேரி அன்றைய வகுப்பை ரத்து செய்தாள். மூல கேசட்டைப் போட்டாள். துரை மறுபடியும் மதகடியில் செத்துக் கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியை, மாதா கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா கூடாதா என்று பிற்பாடு ரொம்ப நேரம் யோசித்தாள்.

தீபாவளிக்கு முன்பே பெட்டிகள் கடைக்குப் போயின. உண்மையான நிறைகுறைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. கேட்காமலேயே வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஜட்கா கிளம்பிப் போய்ச் சேருவதற்குள் ஒரு உலை கொதித்துவிடுகிறது என்றார்கள். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் கேசட் ஏறமாட்டேன் என்கிறது. பாதியில் நிறுத்திவிட்டு ஷிப்டுக்குப் போய்வர வழியில்லை. தப்பான ஆளைச் சொன்னால் முதலிலிருந்து ஆடச் சொல்வது அநியாயம். மேரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அத்தனையும் உண்மை.

அதே ஆட்கள்தான் வேறு சிலதையும் சொன்னார்கள். சமையல்காரியிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் அவள் முறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அது அப்படியே எங்கள் ஓரகத்தி. இன்ஸ்பெக்டரின் லாந்தரில் எண்ணெய் தீரப்போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மதகடியில் தவளை கத்தும்போது எங்கள் வீட்டு நாய் டி.வி.யைப் பார்த்துக் குரைக்கிறது. ஓவர்சியர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவதால் கடைசி வரை அவன் மேல் சந்தேகமே வரவில்லை, பாவி.

மேரி ஜட்காவை மட்டும் வேகப்படுத்தினாள். மற்றதை அடுத்த கேசட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காந்திமதியின் லைன் இரண்டு ஷிப்டாக ஓடியது.

கார்த்திகையில் வாரியத்திடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. அவளை 'வெளி நிபுணர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். போகாதே என்றாள் காந்திமதி. பழக்க தோஷம், மேரி போனாள். கூட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிக் காந்திமதி அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள்.

மேஜை மேல் ஓர் அரசாணை இருந்தது. வாரியம் அன்று காலை முதல் கலைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. அதன் நிறைகுறைகளை ஆராயத்தான் கூட்டம்.

"தட்டச்சு சுத்தம். ஓரத்துல இடம் விட்டிருக்காங்க. இதெல்லாம் நிறை" என்று ஆரம்பித்தார் ரகுபதி. "ஆனா அவசரம் தெரியுது. நம்மைக் கலைக்கிறதை நாம எதிர்க்கலை. தரமாக் கலைக்கணும்னுதான் சொல்றோம். ஒரு வாரியத்தை இப்படித் தரக்குறைவாக் கலைச்சா, நாளைக்கு மக்களுக்குக் கலைப்பு மேலேயே நம்பிக்கை போயிடும்."

"முதல்ல ஒரு சின்ன வாரியத்தைக் கலைச்சுப் பாத்து, அது தாங்குதான்னு சோதிச்சிருக்கணும்" என்றார் சிவசங்கர்.

"வெளி நிபுணர் என்ன சொல்றீங்க?"

"முதல் வரியிலேயே புரியுது சார்" என்றாள் மேரி.

அதை நிறையில் சேர்த்துக்கொண்டார்கள். குறைகள் பல இருப்பதால் ஆணையைத் திருத்தி அனுப்புமாறு கோருவது, அதுவரை வாரியம் நீடிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. சுந்தராம்பாள் மட்டும் கதர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கையில் புதிய உத்தரவு ஒன்றின் நகல் இருந்தது. கட்டடத்தில் இருக்கும் அரசுச் சொத்து வெளியே போய்விடாதபடி, அதிகாரி கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் இல்லாமல் யாரையும் விடக்கூடாது.

ரகுபதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மன்னிக்கணும் சார். காலையிலேர்ந்து உங்க கையெழுத்து செல்லாதுங்க" என்றான் வாட்ச்மேன்.

"அப்ப யாரோடது செல்லும்?"

"வாரியத்துக்குப் புது அதிகாரி வந்தாருன்னா அவரோடது."

"எப்ப வருவார்?"

"வாரியத்தைத்தான் கலைச்சிட்டாங்களே சார், எப்படி வருவாரு?"

ரகுபதி சற்று யோசித்தார். விஷயத்தில் சிக்கல் இருப்பதைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அவசரக் கூட்டம் கூட்ட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே திரும்பினார். சிவசங்கர் பின்னாலேயே போனார்.

மேரி கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் இவர்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சொன்னபோது எழுந்திருக்கிறாள். செத்த ஆளை எழுப்பியிருக்கிறாள். கட்டடத்தின் பின்பக்கம் மொபெட் ஹாரன் அடித்தது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே காந்திமதியின் தலை தெரிந்தது. கேட் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அவள் இந்தப் பக்கம் வந்து மொபெட்டைச் சாய்த்து அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு கீறே? இந்தப் பக்கம் மணல்தான். குதி!"

"கேட் பாஸ் இல்லைக்கா."

"சுவத்துக்கு எதுக்குடி பாசு?"

மேரி முந்தானையை இழுத்துச் செருகினாள். உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது, அரசுச் சொத்து. அதன் மேல் ஏறி, சுவரைப் பிடித்து, "மாதாவே" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தாள். ஒரு வளையல் உடைந்தது. வேறு சேதமில்லை. மணலில் உட்கார்ந்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் காந்திமதியின் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மொபெட்டைக் கிளப்பப் போகிற நேரத்தில் தலைக்கு மேல் ஏதோ சரசரத்தது. சுவரைத் தாண்டி ஒரு கதர்ப் பை வந்து மணலில் விழுந்தது. அதன் பின்னால், உடைந்த நாற்காலி கிறீச்சிடுகிற சத்தத்தோடு, சுவரின் விளிம்பில் சுந்தராம்பாளின் கைகள் இரண்டும் தெரிந்தன.

"கொஞ்சம் புடிங்கம்மா" என்றார் அவர்.